அஞ்சாவது பந்து

என் அண்ணிக்கு அழுக்கு ஆகாது. இதைப் பாராட்டாகவும் எடுத்துக்கொள்ளலாம், குறையாகவும் எடுத்துக்கொள்ளலாம். நாத்தனார் வாயிலிருந்து வருவதால் குறையென்றுதான் ஊர் நினைக்கும், நினைத்துவிட்டுப் போகட்டும். நான் அவர் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தால், வாசலைத் தாண்டுவதற்குள் ஒரு துணி அந்த நாற்காலியைத் தொட்டுவிட்டுப் போகும். என்னை அவமதிக்க அல்ல. அவர் கை தானாகப் போகும்.

பிழைப்பும் அதேதான். கல்யாணத்துக்கு முன்பு ஒரு போட்டோ ஸ்டுடியோவில் இருந்தார். மணப்பெண்ணின் பருவையும் மாப்பிள்ளையின் கருவளையத்தையும் கணினியில் அழிப்பது வேலை. எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்ததும் தன் கல்யாணப் படங்களையும் தானே உட்கார்ந்து சுத்தம் செய்தார். அண்ணனின் கன்னத்துத் தழும்பைக்கூட விட்டுவைக்கவில்லை. "அது நான் சைக்கிள்ல இருந்து விழுந்த தழும்பு, அதை ஏன் எடுத்த?" என்று அண்ணன் கேட்டதற்கு, "இருந்தா நல்லாவா இருக்கு?" என்றார். அந்தப் படம் இன்றும் கூடத்தில் மாட்டியிருக்கிறது. அதில் இருப்பவன் என் அண்ணன் என்று சொன்னால் நான் பாதிதான் நம்புவேன்.

ஸ்டுடியோவை மூடியபின் பழைய சினிமாக்களை டிஸ்க்காக வெளியிடும் ஒரு நிறுவனத்தில் சேர்ந்தார். கிடங்குகளில் பூஞ்சை பிடித்துக் கிடக்கும் படச்சுருள்களை வாங்கி வந்து, ஃபிரேம் என்கிற ஒவ்வொரு கட்டத்தையும் ஸ்கேன் செய்து, கீறல், கறை, தூசி எல்லாவற்றையும் நீக்கி, பளிச்சென்று ப்ளூரே டிஸ்க்கில் ஏற்றி விற்பார்கள். படம் முதல்முதலில் திரைக்கு வந்தபோதுகூட இத்தனை தெளிவாக இருந்திருக்காது என்று அட்டையில் போட்டுக்கொள்வார்கள். அதையெல்லாம் தேடி வாங்கி அலமாரியில் வரிசையாக அடுக்கி வைக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பதே அண்ணி சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஆபீசில் அவருக்குத் தூசி மேடம் என்று பெயர். அவர் கையைத் தாண்டிப் போன படத்தில் ஒரு புள்ளி கண்டுபிடித்தவர் கிடையாது என்பார்கள். அண்ணியும் அதைக் கேட்டும் கேட்காததுமாக நின்றுகொண்டிருப்பார்.

அப்பா அவர்களோடுதான் இருக்கிறார். நான் இரண்டு தெரு தள்ளி இருப்பவள். தினமும் ஒரு வேளைத் தேநீர் அங்கேதான். அப்பா இரும்புக் கிடங்கில் எடை போடுபவராக இருந்து ஓய்வு பெற்றவர். அதற்கெல்லாம் முன்னால், கல்யாணத்துக்கும் முன்னால், பொருட்காட்சிகளில் பந்துகளை மாற்றி மாற்றி வீசிப் பிடித்து வித்தை காட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது சமையலறையில் மூன்று வெங்காயத்தை எடுத்து வீசிக் காட்டுவார். அம்மா கத்துவாள். அவர் நிறுத்தமாட்டார்.

"மூணு எல்லாம் சும்மா. உங்கப்பன் அஞ்சு பந்து போட்டவன் தெரியுமா?" என்பார்.

"எங்க, போட்டுக் காட்டுங்க" என்போம்.

தோளைத் தடவிக்கொள்வார். கிடங்கில் சேர்ந்த புதிதில் ஓர் இரும்புக் குழாய் அந்தத் தோளில் விழுந்து, கை அதற்குப்பின் பாதிக்குமேல் ஏறாது. ஆக, அஞ்சு பந்துக்குச் சாட்சி இல்லை. ஒரே ஒரு சாட்சி உண்டு என்பார்: சினிமா. ஒருநாள் பொருட்காட்சியில் படம் பிடிக்க வந்தார்களாம், இவரைக் கூப்பிட்டுப் பின்னால் நிறுத்தி அஞ்சு பந்து போடச் சொன்னார்களாம், கதாநாயகி வசனத்தை மறந்துவிட்டு இவரையே பார்த்தாளாம். படத்தின் பெயரை அன்று கேட்டு வைத்துக்கொண்டு கொட்டகை கொட்டகையாகத் தேடியிருக்கிறார். அந்தப் பெயரில் எந்தப் படமும் வரவில்லை.

இதைக் கேட்டுக் கேட்டு எங்கள் வீட்டில் அது ஒரு சொல்லாகவே ஆகிவிட்டது. யாராவது கதை விட்டால், "சரி சரி, அஞ்சாவது பந்தைக் கீழ வை" என்போம். அண்ணன் மகள் பள்ளியில் முதல் மார்க் என்று புளுகினாலும் அதுதான், நான் இளைத்துவிட்டேன் என்று சொன்னாலும் அதுதான். வந்த மருமகளும் ஒரே மாதத்தில் கற்றுக்கொண்டார். அப்பா எதிரிலேயே சொல்வோம். அவரும் சிரிப்பார். சிரிக்கிறார் என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

அப்பாவைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். விடியற்காலையில் நடக்கப் போவார். போகும்போது எல்லாரும் தூங்குகிறார்களே, திருடன் வந்துவிட்டால் என்ன செய்வது என்று கதவை வெளியே பூட்டிக்கொண்டு போவார். சாவி இடுப்புக் கயிற்றில் தொங்கும். "குடும்பத்தையே உள்ள வெச்சுப் பூட்டிட்டுப் போறீங்களே, தீப்பிடிச்சா நாங்க எங்க போறது?" என்று அண்ணன் சண்டை போடுவான். "நான்தான் வந்துடுவேனே" என்பார் அப்பா. அண்ணி ஒன்றும் சொல்லாமல் மாற்றுச்சாவி ஒன்று செய்து கைப்பையில் போட்டுக்கொண்டார்.

இனி நடந்ததற்கு வருகிறேன். இதை அண்ணியே என்னிடம் சொன்னார், அதுவும் அழுதுகொண்டே.

அவர்கள் வேலை நடக்கும் விதம் இப்படி. தூசியைக் கையால் ஒவ்வொன்றாக எடுத்தால் ஆயுள் போதாது. அதற்கு ஒரு புரோகிராம் இருக்கிறது. முன்னால் ஒரு கட்டம், பின்னால் ஒரு கட்டம், நடுவில் ஒன்று. முன்னும் இல்லாமல் பின்னும் இல்லாமல் நடுவில் மட்டும் ஒரு புள்ளி இருந்தால் அது தூசி. துடைத்துவிடும். அதற்குத் தெரிந்த சாஸ்திரம் அவ்வளவுதான். மழைத்துளியும் தீப்பொறியும் பறக்கும் பறவையும் இடம் மாறிக்கொண்டே இருப்பதால் அவற்றையும் தூசியென்றே எடுத்துக்கொள்ளும். அதனால் ஆரம்பத்திலேயே ஓர் ஆள் படத்தை ஓட்டிப் பார்த்து, அப்படிப்பட்ட காட்சிகளுக்கு வேலி போட வேண்டும். வேலி போட்ட இடத்தில் புரோகிராம் கை வைக்காது. பிறகு, துடைத்து முடித்ததைத் திரும்பவும் பார்க்க வேண்டும். சந்தேகம் வந்தால் ஒரு பொத்தானைத் தட்டினால் போதும், துடைப்பதற்கு முந்தைய படம் பக்கத்தில் வந்து நிற்கும். இரண்டு வேலையும் அண்ணியுடையது.

அந்த முறை ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம். வெளியீட்டுத் தேதியை விளம்பரப்படுத்திவிட்டார்கள். முதலாளி சீக்கிரம் சீக்கிரம் என்று தலைமேல் உட்கார்ந்திருந்தார். கடைசியில் வந்த ஒரு சுருள் படுமோசம், மாவு சலித்த மாதிரி திரை முழுக்க வெள்ளைப் புள்ளி. அண்ணி வேகமாக ஓட்டிப் பார்த்தார். மழை இல்லை, பறவை இல்லை, தீ இல்லை. பொருட்காட்சித் திடலில் கதாநாயகனும் கதாநாயகியும் சண்டை போடும் காட்சி. வேலி எதற்கு என்று விட்டுவிட்டார்.

துடைத்து வந்ததைச் சரிபார்க்கும்போது கூட உட்கார்ந்திருந்தவர் கலர்காரர், அதாவது படத்தின் வெளிச்சத்தையும் நிறத்தையும் சீராக்குபவர். அவர்தான் முதலில் பார்த்தார். கதாநாயகியின் தோளுக்குப் பின்னால், ஒரு கூடாரத்தின் இருண்ட வாசலில், வெள்ளைத் தொப்பி போட்ட ஒருத்தன் நின்றுகொண்டு இரண்டு கைகளையும் காற்றில் ஆட்டிக்கொண்டிருந்தான். முகம் மேலே பார்த்தபடி, கண் அங்கும் இங்கும் ஓடியபடி, வெறுங்கை ஆட்டம்.

"மேடம், இவன் யாரு? பின்னாடி நின்னு என்ன பண்றான்?"

அண்ணி பார்த்தார். "கொசு அடிக்கிறான்" என்றார்.

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கலர்காரர் அதைத் திரும்ப ஓட்டினார், திரும்பச் சிரித்தார்கள். அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, சுருள் சரி என்று குறித்து அனுப்பிவிட்டார். விரல் அந்தப் பொத்தானுக்குப் பக்கத்தில்தான் இருந்திருக்கிறது. அந்தக் காலத்தில் கூட்டத்தில் நிற்கிறவர்களுக்கு யார் நடிப்புச் சொல்லிக் கொடுத்தார்கள், ஏதோ ஒரு கோமாளி என்று நினைத்தாராம்.

டிஸ்க் வெளிவந்ததும் வேலை செய்தவர்களுக்கு ஆளுக்கொன்று கொடுப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணி அதைப் போட்டார். அண்ணன், நான், அண்ணன் மகள், சாய்வு நாற்காலியில் அப்பா. அப்பாவுக்குக் கண்ணில் புரை எடுத்துச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. படம் சரியான அறுவை. அண்ணன் பாதியிலேயே கைப்பேசியை எடுத்துவிட்டான். அப்பா தூங்குகிறார் என்று நினைத்தேன்.

"நிறுத்து!" என்று ஒரு சத்தம். அப்பா எழுந்து நின்றுகொண்டிருந்தார். "நிறுத்தும்மா, நிறுத்து! அந்தக் கூடாரம்... யானை வரைஞ்சிருக்கு பாரு, அந்தக் கூடாரம்! இதுதான். பேரை மாத்திட்டானுங்க பாவிங்க, பேரை மாத்திட்டானுங்க! நாந்தான் அது. தொப்பி போட்டிருக்கேனே, நாந்தான்!"

நாங்கள் எல்லாரும் திரைக்குப் பக்கத்தில் போனோம். மூக்கு, தாடை, கழுத்தைச் சாய்க்கும் சாய்ப்பு, எல்லாம் அப்பாவேதான். ஒரு ஆயுள் முழுக்கக் கிண்டல் செய்த கதை நிஜமாக நின்றுகொண்டிருந்தது. அண்ணன் வாயைத் திறந்தபடியே நின்றான்.

"பின்னாடி கொண்டுபோய்ப் போடு" என்றார் அப்பா.

அண்ணி ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. மகிழ்ச்சியில் திகைத்துப் போய்விட்டார் என்று நான் நினைத்தேன். அண்ணன்தான் ரிமோட்டைப் பிடுங்கிப் பின்னால் ஓட்டிப் போட்டான். வெள்ளைத் தொப்பிக்காரன் மறுபடி வந்தான். இரண்டு கைகளும் மேலும் கீழும் பறந்தன. கைகளுக்கு மேலே இருட்டு மட்டும்தான் இருந்தது, துடைத்த மாதிரி சுத்தமாக.

அண்ணன் மகள் களுக்கென்று சிரித்தாள். "தாத்தா கொசு அடிக்கிறாரு!"

அண்ணி அவளை அறைந்தார். அந்தக் குழந்தையை அவர் அடித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அப்பா இதையெல்லாம் கவனிக்கவில்லை. திரைக்கு மிக அருகில் போய், பிறகு பின்னால் வந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அப்புறம் மெதுவாகத் திரும்பினார்.

"பந்து எங்க?"

அண்ணன் ரிமோட்டைக் கீழே வைத்தான்.

"எனக்குத்தான் தெரியலையா? ஆபரேஷன் பண்ண கண்ணு. சின்னப் பொருள் தெரியல போல. ஏம்மா, உனக்குத் தெரியுதா? எத்தனைன்னு எண்ணிச் சொல்லு."

மருமகளைத்தான் கேட்டார். வீட்டில் புள்ளி புள்ளியாகப் பார்க்கத் தெரிந்தவர் அவர்தானே. அண்ணி திரையைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார்.

"அஞ்சு மாமா" என்றார்.

"அஞ்சா?"

"அஞ்சு. நல்லாத் தெரியுது."

அப்பா அண்ணனைப் பார்த்தார். "ஆமாப்பா, அஞ்சு" என்றான் அண்ணன். அவன் கை மகளின் வாயைப் பொத்தியிருந்தது. என்னைப் பார்த்தார். நானும் அஞ்சு என்றேன். அத்தனை வருஷம் இல்லை இல்லை என்ற வாய்கள், இல்லாத இடத்தில் இருக்கிறது என்று கோரஸ் பாடின.

அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். "அப்போ சரி" என்றார். அவருக்குத் திருப்தி என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். மனிதர்களுக்கு வசதியான நினைப்பு எவ்வளவு சீக்கிரம் வருகிறது பாருங்கள்.

மறுநாள் அண்ணி ஆபீசுக்கு எல்லாருக்கும் முன்னால் போய், அந்தச் சுருளை எடுத்து, அந்த இடத்துக்குப் போய், பொத்தானைத் தட்டினார். துடைக்காத படம் பக்கத்தில் வந்தது. கொட்டிக் கிடந்த வெள்ளைப் புள்ளிகளுக்கு நடுவே சில புள்ளிகள் மட்டும் இஷ்டத்துக்குச் சிதறாமல் வளைந்து ஏறி வளைந்து இறங்கின. கட்டம் கட்டமாக நகர்த்தி எண்ணினார். ஒரு பந்து கையில், ஒன்று கையை விட்டு எழும்பி, மூன்று அந்தரத்தில். அஞ்சு. திரும்பவும் எண்ணினார். கதாநாயகியும் ஒரு கணம் வசனத்தை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்கிறாள். அதையும் அப்பா சொல்லியிருந்தார்.

பாதிப் பாரம் இறங்கிவிட்டது என்றார் அண்ணி. நான் சொன்னது பொய் இல்லையே, நிஜமாகவே அஞ்சுதானே என்று மனசு சமாதானம் சொன்னதாம். முதலாளியிடம் சொல்லவில்லை. சொன்னால் தூசி மேடம் என்ற பெயர் போய்விடும், வேலையே போனாலும் போகும். வீட்டிலும் சொல்லவில்லை. மாமாதான் திருப்தியாகிவிட்டாரே, கிளறுவானேன் என்று கணினியை மூடினார். அப்புறம் அந்தப் பாரம் வேறு பக்கத்தில் ஏறிக்கொண்டது. வேலையில் ஒவ்வொரு வெள்ளைப் புள்ளிக்கும் பந்தோ என்று பொத்தானைத் தட்டிப் பார்த்தார். அப்பாவுக்குத் தட்டு வைக்கும்போது முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவருக்கென்று புதுச் செருப்பு வாங்கினார், தலையணை மாற்றினார், மத்தியானம் ஆபீசிலிருந்து போன் போட்டுச் சாப்பிட்டீர்களா என்று கேட்டார். என்ன அண்ணி, மாமனார்மேல் திடீர்ப் பாசம் என்று நான் வேறு கிண்டல் செய்தேன்.

அப்பா பந்துப் பேச்சையே விட்டுவிட்டார். சாட்சி கிடைத்த மனிதன் தெருவெல்லாம் சொல்லித் திரிய வேண்டாமா? டிஸ்க்கைத் திரும்பப் போடச் சொல்லவே இல்லை. தானே அடுப்பை மூட்டித் தேநீர் போடுகிறவர், ஒருநாள் அடுப்பை அணைத்தோமா என்று எழுந்து எழுந்து போய்ப் பார்த்தார், அப்புறம் அடுப்புப் பக்கமே போவதில்லை. விடியற்கால நடையை நிறுத்தினார். இடுப்புக் கயிற்றிலிருந்து சாவியை அவிழ்த்து அண்ணியிடம் நீட்டினார்.

"நீயே வெச்சுக்கம்மா. நான் எங்கயாவது போட்டுட்டு வந்துடுவேன்."

"சரி மாமா" என்று வாங்கிச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டினார் அண்ணி. வயதாகிறது, ஓய்வெடுக்கட்டும் என்று நினைத்தார். அண்ணனுக்கும் நிம்மதி, இனி உள்ளே வைத்துப் பூட்ட ஆளில்லை.

அப்பா வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். உற்றுக் கேட்டபோது, அது அண்ணனின் போன் நம்பர். பேத்தியை எதிரில் உட்காரவைத்து ஒப்பித்துக் காட்டுவார். "தாத்தா பரீட்சைக்குப் படிக்கிறாரு" என்று அவள் சிரித்தாள். நாங்களும் சிரித்தோம். எங்களுக்குச் சிரிக்க மட்டும் நன்றாக வரும்.

அப்புறம் ஒருநாள் அப்பா என்னைக் கூப்பிட்டு, கண் டாக்டரிடம் அழைத்துப் போகச் சொன்னார். அண்ணனிடம் சொல்லாதே என்றார். டாக்டர் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார். கடைசி வரி வரை அப்பா கடகடவென்று படித்தார். சின்னப் புள்ளி தெரிகிறதா, அசையும் புள்ளி தெரிகிறதா என்று அப்பாவே கேட்டுக் கேட்டுச் சோதிக்க வைத்தார். எல்லாம் தெரிந்தது.

"உங்க கண்ணுக்கு ஒண்ணும் குறை இல்லைங்க ஐயா. இந்த வயசுல இப்படி யாருக்கும் இருக்காது" என்றார் டாக்டர்.

நான் சந்தோஷப்பட்டேன். அப்பாவின் முகம் செத்துப்போயிற்று. வெளியே வந்து பேருந்து நிறுத்தத்து பெஞ்சில் உட்கார்ந்தோம்.

"அப்போ கண்ணு இல்ல" என்றார். "கண்ணா இருக்கணும்னு வேண்டிக்கிட்டே வந்தேன். தலைதான் போயிடுச்சு."

"என்னப்பா சொல்றீங்க?"

"நீங்க எல்லாரும் பாத்தீங்க. அஞ்சு பந்து. உங்க அண்ணி எண்ணியே சொல்றா. எனக்கு ஒண்ணுகூடத் தெரியல. கை தெரியுது, தொப்பி தெரியுது, கூடாரத்துல யானையோட வாலு தெரியுது. பந்து மட்டும் தெரியல. கிடங்குல என்கூட வேலை பாத்தானே, சரக்கைத் தரம் பாத்து வாங்கற நோட்டக்காரன், அவனுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது. எதிர்ல இருக்கற பொருள் தெரியாது. கடைசியில சொந்தப் பையனையே யாருன்னு கேட்டான். வழி மறந்துட்டா யாராவது போன் பண்ணணுமேன்னுதான் நம்பரை மனப்பாடம் பண்றேன்."

எங்களுக்கும் பந்து தெரியவில்லை என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லப்பா" என்று மட்டும் வாயில் வந்தது. அவரை வீட்டில் விட்டுவிட்டு, நேராக அண்ணியின் ஆபீசுக்குப் போனேன்.

வாசலில் வைத்தே சொன்னேன். கோபத்தில் கொஞ்சம் கூடுதலாகவே சொன்னேன். அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். அந்தப் படியில் எத்தனை பேர் செருப்பின் அழுக்கு இருந்ததோ தெரியாது, அவர் பார்க்கவில்லை. அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னார், கொசு அடிக்கிறான் என்று தான் சொன்னது முதல்.

"நான் அவரைப் பாத்துச் சிரிச்சேன். பொத்தானைத் தட்டியிருந்தா தெரிஞ்சிருக்கும். சிரிச்சுட்டு அனுப்பிட்டேன்."

"அதை விடுங்க அண்ணி. மறுநாளே தெரிஞ்சுதே, அப்ப ஏன் சொல்லல?"

கேட்டபின்தான் எனக்கு உறைத்தது. நானும் பேருந்து நிறுத்தத்தில் அப்பாவிடம் சொல்லாமல்தானே வந்திருந்தேன்.

துடைக்காத படத்தை ஆபீசை விட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது அங்கே கட்டுப்பாடு. ஆகவே முதலில் முதலாளியிடம் போக வேண்டும். முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போனார். நான் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றேன். தப்பு என்னுடையது, வேலி போடவில்லை, சரிபார்க்கும்போதும் விட்டுவிட்டேன், தெரிந்தபின்னும் மறைத்தேன் என்று நின்றபடியே சொன்னார். முதலாளி கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் "நீங்களா?" என்று ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டார். கத்தியிருந்தால் அண்ணிக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அடுத்த பதிப்பில் திருத்திக்கொள்ளலாம், ஏற்கெனவே வாங்கியவர்கள் கேட்டால் மாற்றித் தரலாம் என்று முடிவாயிற்று. அறிவிப்பும் போட்டார்கள். இன்றுவரை யாரும் கேட்கவில்லை. அத்தனை அலமாரிகளிலும் என் அப்பா இன்னும் கொசு அடித்துக்கொண்டுதான் இருக்கிறார்.

சாயங்காலம் அண்ணி, முதலாளியின் அனுமதியோடு, துடைக்காத படம் ஏற்றிய மடிக்கணினியைக் கொண்டுவந்து டிவியோடு இணைத்தார். எல்லாரையும் உட்காரச் சொன்னார். அடி வாங்கிய மகளையும் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

"மாமா, இதைப் பாருங்க."

அப்பா நிமிரவில்லை. "வேண்டாம்மா. பாத்தாச்சே."

"நீங்க பாக்கல மாமா. யாரும் பாக்கல. ஒரே ஒரு தடவை பாருங்க."

திரை முழுக்கக் கீறல், புள்ளி, மாவு கொட்டின மாதிரி. அதற்கு நடுவே வெள்ளைத் தொப்பி. கைகள் எழும்பின. மேலே பந்துகள் போயின, வந்தன.

அப்பாவின் தலை மெல்ல நிமிர்ந்தது. முழங்காலில் இருந்த கைகள் இரண்டும் தானாக அசையத் தொடங்கின. வலது கை கொஞ்சம், ஏறாத இடது கை அதைவிடக் குறைவாக. உதடு எண்ணியது. ஒன்று, இரண்டு... ஐந்தாவதில் நின்றது. மறுபடி முதலிலிருந்து எண்ணினார். அண்ணி கட்டம் கட்டமாக நிறுத்தி நிறுத்திக் காட்டினார்.

"அஞ்சு" என்றார் அப்பா.

"அஞ்சு தாத்தா!" என்றாள் பேத்தி. அந்த ஒருத்தி சொன்னது மட்டும்தான் கறையில்லாத அஞ்சு.

"தொடச்சதையும் போடு" என்றார் அப்பா.

அண்ணி போட்டார். சுத்தமான இருட்டில் வெறுங்கைகள் ஆடின. அப்பா கடைசிவரை பார்த்தார்.

"அன்னைக்கு இதானே போட்ட?"

"ஆமா மாமா."

"உனக்குப் பந்து தெரிஞ்சுதா?"

"தெரியல மாமா."

"இவனுக்கு?" என்று அண்ணனைக் காட்டினார். "இவளுக்கு?"

"யாருக்கும் தெரியல. இருந்தாத்தானே தெரியும். மெஷின் தூசின்னு நினைச்சுத் தொடச்சிருச்சு, நான் கவனிக்கல. நீங்க வருத்தப்படுவீங்கன்னு வாயில வந்ததைச் சொல்லிட்டேன். மன்னிச்சிடுங்க மாமா. உங்களுக்கு ஒண்ணும் இல்ல. உங்க தலைக்கு ஒண்ணுமே இல்ல."

அப்பா முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அவர் அழுவது நிம்மதியில் என்று எனக்குப் புரிந்தது. அவர் எத்தனை நாள் அந்தப் பயத்தோடு இந்த வீட்டில் எங்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார்! நாங்கள் பக்கத்திலேயே தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம்.

கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். குரல் பழைய குரலாக இருந்தது, கிடங்கில் எடை சொல்லும் குரல்.

"பந்தைத் தொடச்சது மெஷினு. அதுக்குக் கண்ணு கிடையாது, விடு. அஞ்சுன்னு சொன்னது நீ."

அண்ணி தலையைக் குனிந்துகொண்டார். அப்பா எங்கள் இருவரையும்கூட ஒரு பார்வை பார்த்தார். நாங்களும் குனிந்தோம்.

"சாவியைக் குடு."

அண்ணி எழுந்து போய் ஆணியிலிருந்து சாவியை எடுத்து வந்து இரண்டு கையாலும் நீட்டினார். அப்பா அதை இடுப்புக் கயிற்றில் முடிந்தார். முடிச்சு விழ நேரம் பிடித்தது. யாரும் உதவிக்குப் போகவில்லை. புதுச் செருப்பை ஒதுக்கிவிட்டுப் பழையதை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அப்புறம் வெளியே பூட்டும் சத்தம்.

பழக்கத்தில் பூட்டினாரா, வேண்டுமென்றே பூட்டினாரா, தெரியவில்லை. மாற்றுச்சாவி அண்ணியின் கைப்பையில்தான் இருந்தது, கைப்பை அவர் மடியில் இருந்தது. அவர் அதைத் திறக்கவில்லை. எடுக்கச் சொல்லி அண்ணனும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அப்பா நடந்துவிட்டு வந்து திறக்கும்வரை நாங்கள் எல்லாரும் அப்படியே உள்ளே உட்கார்ந்திருந்தோம்.